அப்பாதுரை வாய்க்குள் போன பீங்கான்

பல் டாக்டர் அபிதகுஜாம்பாளுக்கு அப்பாதுரை தரவேண்டிய பாக்கி ஆயிரத்து நூறு ரூபாய். இது தொண்ணூற்று நாலாம் வருஷத்துச் சமாசாரம். அந்தப் பணத்துக்கு அன்றைக்கு நல்ல வாஷ்பேசின் இரண்டு வாங்கி, பிளம்பருக்குக் கூலி கொடுத்து, மிச்சத்தில் அவனுக்கு பிரியாணியும் வாங்கித் தரலாம். அப்பாதுரையிடம் பணம் இல்லாமல் இல்லை. கல்லாவில் இருந்தது. பாங்கியில் இருந்தது. அரிசிப் பானைக்குள் பெண்டாட்டி கனகவல்லி ஒளித்து வைத்திருந்ததும் அவருக்குத் தெரியும். கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். அதுவும் யார்? ‘வாங்குவதும் ரொக்கம், விற்பதும் ரொக்கம்’ என்று கடை வாசலில் பெயிண்டரைக் கூப்பிட்டுக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்த மனுஷன்.

அப்பாதுரை ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பள்ளிக்கூடம்தான் அவரை விட்டது என்று கனகவல்லி சொல்லுவாள். அது கிடக்கட்டும். எண்பத்தொன்றில் முதல் சரக்கு எடுக்கப் பாரிமுனைக்குப் போனார். கையிலிருந்த காசுக்கு உட்கார்ந்து போகிற வெஸ்டர்ன் கிளாசெட் ஒரே ஒன்று வந்தது. வண்டி வாடகைக்கு வழியில்லை. வைக்கோல் சுற்றிய கிளாசெட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு பீச் ஸ்டேஷனில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினார். ஆபீஸ் விடுகிற நேரம், கால் வைக்க இடமில்லை. நடுவில் இறக்கி வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்து தாம்பரம் வந்து சேர்ந்தார்.

“அத்தினி பேரும் தொங்கிகினு வந்தான். நான் ஒருத்தன்தான் சொந்த சீட்டுல குந்திகினு வந்தேன்” என்று இன்றைக்கும் சொல்லுவார். கேட்கிறவன் சிரிக்கிறானா என்று பார்த்துவிட்டு, சிரிக்காவிட்டால் மறுபடியும் சொல்லுவார்.

அந்த ஒரு கிளாசெட் பத்தாகி, பத்து நூறாகி, முடிச்சூர் ரோட்டில் ‘கனகவல்லி சானிட்டரி ஸ்டோர்ஸ்’ எழுந்தது. சாமி பெயரை வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தார். கக்கூஸ் சாமான் விற்கிற கடைக்குச் சாமி பெயர் வைத்தால் குற்றமாகிவிடும் என்று பயந்து பெண்டாட்டி பெயரை வைத்தார். கனகவல்லி அதை இன்னும் மன்னிக்கவில்லை. வயல்களெல்லாம் கல் நட்டு பிளாட்டாகிக்கொண்டிருந்த காலம். ஏரிக்கரை ஓரம்வரை வீடு கட்டினார்கள். வீடு என்றால் கக்கூஸ் வேண்டுமே. “பெருங்களத்தூர்லருந்து முடிச்சூர் வரைக்கும், காலையில குந்தற பத்து பேர்ல ஏழு பேர் நம்ம பீங்கான்லதான் குந்தறான்” என்று கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சொல்லுவார். இலையில் கை வைத்தவர்கள் சற்று நேரம் கையை எடுத்துவிடுவார்கள்.

பீங்கான் விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அவருடைய முடிவு. வேறு யாரும் அந்த முடிவுக்கு வராததால் அவரே வந்திருந்தார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் வியாபாரத்தில் அடி விழுந்தது. பீர்க்கன்கரணையில் வீடு கட்டிக்கொண்டிருந்த பத்ரிநாராயணன் என்கிற அக்கவுண்டன்ட், வாஷ்பேசின் வாங்க வந்திருந்தார். ஒரு ஆணி வாங்கினாலும் நாலு கடையில் விலை கேட்கிறவர். அப்பாதுரை வெள்ளை பேசின் ஒன்றைத் தடவிக் காட்டி, “சார், முப்பது வருஷம் ஆனாலும் ஒரு கறை புடிக்காது. நான் கேரண்டி” என்று வாய் நிறையச் சிரித்தார்.

பத்ரிநாராயணன் பேசினைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தார்.

“உங்க மேல் பல்லுல வலது பக்கம் கன்னங்கரேல்னு இருக்கே சார். கறைக்குக் கேரண்டி குடுக்கறவர் வாயிலேயே கறையா?” என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கோரைப் பல்லுக்கு அடுத்த பல் அது. பத்து வருஷத்துக்கு முன் இலவச முகாம் ஒன்றில் சொத்தையைக் குடைந்து வெள்ளி மாதிரி எதையோ அடைத்து அனுப்பியிருந்தார்கள். வைத்தபோது பளபளவென்று இருந்தது. வரவரக் கறுத்து, பல்லையும் கறுப்பாக்கி, ஒரு ஓரம் உதிர்ந்தும் போயிருந்தது. அன்று ராத்திரி அப்பாதுரை கண்ணாடி முன் நின்று ஈயென்று இளித்துப் பார்த்தார். பத்ரிநாராயணன் சொன்னது வாஸ்தவம். விடிந்ததும் டாக்டர் கிளினிக் படி ஏறினார்.

டாக்டர் அபிதகுஜாம்பாள் மருந்துக்கடை மாடியில் கிளினிக் வைத்திருந்தார். முப்பது வயது இருக்கும். அந்தப் பெயரைத் தடங்கலில்லாமல் சொல்லவே முப்பத்திரண்டு பல்லும் வேண்டும்; அதனால் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் ‘டாக்டரம்மா’தான். உதவிக்கு ஞானம்மாள் இருந்தாள். சீட்டு எழுதுவது, கருவி கழுவுவது, பயந்து ஓடுகிறவர்களைப் பிடித்து உட்கார வைப்பது எல்லாம் அவள் வேலை. உள்ளூர்க்காரி. வாய்க்குப் பூட்டு கிடையாது.

டாக்டர் பல்லைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பழைய வெள்ளி ஃபில்லிங்கை எடுத்துடலாம் சார். திரும்ப அதையே வச்சா மறுபடி கறுக்கும். இப்போ போர்சலின்ல பண்றாங்க. உங்க பல்லு கலர்லயே இருக்கும், கறை பிடிக்காது.”

“போர்சலினா?” அப்பாதுரை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பீங்கானா? நம்ம பீங்கானா?”

“ஆமாம், பீங்கான் வகைதான். ஓட்டையை அச்செடுத்து சிட்டியில இருக்கற லேபுக்கு அனுப்புவோம். அவங்க அச்சுக்கு ஏத்த மாதிரி செஞ்சு சூளையில சுட்டு அனுப்புவாங்க. அதை இங்க ஒட்டுவேன். ஆயிரத்து நானூறு ரூபாய் ஆகும்.”

அப்பாதுரை எழுந்து கீழே போனார். அரை மணி கழித்துத் திரும்பி வந்து, வேட்டி மடிப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து டாக்டர் மேஜைமேல் பிரித்தார். உள்ளே உடைந்த வாஷ்பேசின் துண்டு ஒன்று.

“ஃபர்ஸ்ட் குவாலிட்டி, டாக்டரம்மா. ஐவரி கலர். என் பல்லுக்கு மேட்ச் பாத்து எடுத்தாந்தேன். மெட்டீரியல் என்னுது. நீங்க லேபர் ரேட் மட்டும் சொல்லுங்க.”

டாக்டருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. ஞானம்மாளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு டிரேயைக் கடகடவென்று கழுவினாள்.

“சார், இது வீடு கட்டற கான்ட்ராக்ட் இல்ல” என்றார் டாக்டர்.

“இருக்கட்டும்மா. கணக்கு சொல்றேன், கேளுங்க. பத்து கிலோ பேசின் நானூத்தம்பது ரூவா. கிலோ நாப்பத்தஞ்சு. என் பல்லு ஓட்டைக்கு ஒரு கிராம் போவுமா? அஞ்சு பைசா கூட வர்ல. மேல ஒட்டற வெள்ளை சிமெண்ட் வேணும்னா அதுவும் நானே தரேன். அஞ்சு பைசா சரக்குக்கு ஆயிரத்து நானூறா?”

“நீங்க சொல்றது சரிதான் சார்” என்றார் டாக்டர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “அப்போ அந்த ஒரு கிராமை நீங்களே வெட்டி, தேய்ச்சு, உங்க பல்லு ஓட்டைக்குள்ள மயிரிழை சந்து இல்லாம வச்சுக்குங்க. எனக்குக் கூலியே வேண்டாம்.”

“யம்மா, பிளம்பரைக் கூட்டியாரச் சொல்லட்டா?” என்று உள்ளேயிருந்து ஞானம்மாள் குரல் கொடுத்தாள்.

அப்பாதுரை முந்நூறு ரூபாய் முன்பணம் எண்ணி வைத்தார். மீதி ஆயிரத்து நூறு, வேலை முடிந்தபின்.

கறுப்பை நோண்டி எடுத்து, அச்செடுத்து, ஒரு வாரம் தற்காலிகமாக எதையோ வைத்து மூடி, லேபிலிருந்து சரக்கு வந்ததும் டாக்டர் ஒட்டினார். ஊதா வெளிச்சம் ஒன்றைப் பல்லில் காட்டினார். கையில் கண்ணாடி கொடுத்தார். அப்பாதுரை பார்த்தார். வாயைக் கோணிப் பார்த்தார். விரலால் உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

“எங்கம்மா வச்சீங்க?”

“அதான் சார் இதுல விசேஷம். வச்சது தெரியாது.”

இங்கேதான் வம்பு பிறந்தது. அப்பாதுரை பிறந்ததிலிருந்து வாங்கிய எந்தப் பொருளும் நாலு பேர் கண்ணில் படாமல் போனதில்லை. வாட்ச் வாங்கினால் ஒரு மாசம் முழங்கைக்கு மேல் சட்டையைச் சுருட்டிக்கொண்டு திரிகிறவர். ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு ஒரு சாமான் வாங்கி, அதைக் காட்ட முடியாது என்றால்? தங்கப் பல் கட்டியவன்கூட வாயைத் திறந்தால் தெருவே பார்க்கிறது. மறுநாள் பணத்தோடு வருவதாகச் சொல்லி இறங்கினார். வழியில் தெரிந்தவன், தெரியாதவன் எல்லோருக்கும் வாயைத் திறந்து காட்டினார்.

“இன்னா மச்சான், தொண்டையில மீன் முள்ளு மாட்டிக்கிச்சா?” என்று சைக்கிள் கடைக்காரர் டார்ச் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

சாயங்காலம் பத்ரிநாராயணன் மறுபடி கடைக்கு வந்தார். மற்ற கடைகளில் விலை கேட்டுக் களைத்துப் போயிருந்தார். அப்பாதுரை அவருக்கென்றே ஒரு சிரிப்பு சிரித்தார், காதிலிருந்து காதுவரை.

“எது புதுசுன்னு சொல்லுங்க பாப்போம் சார்!”

பத்ரிநாராயணன் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். “எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு? புதுசா ஒண்ணும் காணோமே. எவ்வளவு குடுத்தீங்க? ஆயிரத்து நானூறா? பகவானே! சுத்தம் பண்ணி, ஏதோ பூசி அனுப்பிட்டா போலிருக்கு” என்றார்.

சொல்லிவிட்டு இரண்டு வெள்ளை பேசினுக்கு ரொக்கமாகப் பணம் கட்டிவிட்டுப் போனார். கறையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அன்றைக்கு அந்த இரண்டு பேசினும் எதனால் விற்றன என்று அப்பாதுரை யோசித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் காதில் விழுந்தது ‘ஏதோ பூசி அனுப்பிட்டா’ மட்டும்தான். பூச்சு. அதாவது வெள்ளை சிமெண்ட். டைல்ஸ் இடுக்கில் பூசுகிற அதே வெள்ளை சிமெண்ட். பீங்கானில் பழம் தின்று கொட்டை போட்ட ஆளுக்கே சிமெண்டைப் பூசிவிட்டார்களே!

பாக்கிப் பணம் நின்றது.

ஒரு மாசம் டாக்டர் பொறுத்தார். லேபுக்கு அவர் கைக்காசைக் கட்டியிருந்தார். பிறகு ஞானம்மாளை அனுப்பினார். ஞானம்மாள் சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வந்தாள். வீடு கட்டுகிறவர்கள் குடும்பத்தோடு சாமான் பார்க்க வருகிற நேரம். வாசலில் காட்சிக்கு வைத்திருந்த வெஸ்டர்ன் கிளாசெட்டின் மூடியை இறக்கிவிட்டு அதன்மேல் சாவகாசமாக உட்கார்ந்தாள். முந்தானையிலிருந்து வேர்க்கடலை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

“இன்னாம்மா இது, எழுந்திரு!” என்றார் அப்பாதுரை.

“பாக்கி குடு மொதலாளி, எழுந்துக்கறேன். சும்மா சொல்லக்கூடாது, சொகமாத்தான் கீது.”

“அது பீங்கானே இல்ல. சிமெண்ட்டு. ப்ரூஃப் பண்றேன், அப்பால தரேன்.”

“எப்ப ப்ரூஃப் பண்ணுவே?”

“ஒடையட்டும். சிமெண்ட்டு தானா ஒடையும்.”

உள்ளே டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், “யாரு இவங்க?” என்று கேட்டார்.

“நான் பல்லு டாக்டரம்மா ஆளு. மொதலாளி பாக்கி வச்சுகீறாரு, அத்த வசூல் பண்ண வந்துகீறேன்” என்று ஞானம்மாள் கடலைத் தோலை ஊதினாள். அந்த அம்மாள் வாசலுக்கு வந்து, தலைக்கு மேலே எழுதியிருந்த ‘வாங்குவதும் ரொக்கம்’ போர்டை ஒரு தடவை நிமிர்ந்து படித்தார்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். அதற்கடுத்ததும். கடைத்தெருவில் பேச்சு பரவியது. தாம்பரத்தில் அப்பாதுரையிடம் ஆயிரம் குறை சொல்லுவார்கள். ஆனால் பாக்கி வைக்கிற ஆள் என்று ஒருத்தன் சொன்னதில்லை. அந்த ஒரு பெயர் ரயிலில் சொந்த சீட்டில் வந்து சம்பாதித்த பெயர். அது இப்போது ஒரு கிளாசெட் மூடியின் அடியில் நசுங்கிக்கொண்டிருந்தது. போகட்டும் என்று பணத்தைக் கொடுத்தால் ஏமாந்தவன் என்று ஆகும். கொடுக்காவிட்டால் ஏமாற்றுகிறவன் என்று ஆகும். இரண்டிலிருந்தும் தப்ப ஒரே வழிதான் இருந்தது: அந்தப் பல்லை உடைப்பது.

முதலில் கொதிக்கக் கொதிக்க டீ குடித்து, உடனே ஐஸ் துண்டைக் கடித்தார். சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் வெள்ளை சிமெண்ட் விரிசல் விடும் என்பது தொழில் ரகசியம். பல் விரிசல் விடவில்லை, தொண்டை கட்டிக்கொண்டது. அப்புறம் கொட்டைப்பாக்கு. அப்புறம் கரும்பு. முறுக்கை நாலு நாள் வெளியில் போட்டுக் காய வைத்துக் கடித்தார்.

“உனக்கு இன்னா பைத்தியமா புடிச்சுகீது?” என்றாள் கனகவல்லி. “நல்லா கீற பல்ல ஒடைக்க எந்த ஊர்லயாவது ஒருத்தன் இம்மாம் பாடு படுவானா? துட்டக் குடுத்துட்டுப் போயேன்யா. என் பேர போட்ட கடை வாசல்ல ஒரு பொம்பள குந்திகினு கடலை துன்றா, எனக்கு வெளிய தல காட்ட முடியல. ஒரே பேஜாரா கீது.”

“நீ சும்மா இரு. இது மானப் பிரச்சினை.”

“மானம் கக்கூஸ் மேல குந்தி ஒரு மாசமாச்சு.”

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் வாங்கி வரச் சொன்னார். நல்லி எலும்பை வலது பக்கம் ஒதுக்கி, கண்ணை மூடி, முதல் கிளாசெட்டைத் தூக்கிய அதே வேகத்தில் ஒரு கடி கடித்தார். ‘மடக்’ என்று தலைக்குள் ஒரு சத்தம். சுரீரென்று நெற்றிப்பொட்டு வரை ஒரு மின்னல் ஓடியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. உள்ளங்கையில் துப்பினார். அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைத் துண்டு.

“ஒடைஞ்சுது! ஒடைஞ்சுதுடி கனகவல்லி! பாரு, சிமெண்ட்டு!” வலியில் குதித்தாரா சந்தோஷத்தில் குதித்தாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

இரவு முழுக்கத் தூக்கமில்லை. வாய்க்குள் தவில் வாசித்தது. ஆனாலும் காலையில் தலைவாரிச் சலவைச் சட்டை போட்டு, துண்டைக் காகிதத்தில் மடித்து, சாட்சிக்குப் பத்ரிநாராயணனையும் அழைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். பத்ரிநாராயணன் இன்னொருத்தர் தகராறு என்றால் ஆபீசுக்கு லீவு போட்டுக்கூட வருவார். அப்பாதுரை காத்திருந்தவர்களைத் தாண்டி நேரே உள்ளே நுழைந்து, காகிதத்தை மேஜைமேல் பிரித்தார்.

“எத்தினி வருஷமா பீங்கான் விக்கறவன் நான்! பீங்கான் இப்டி ஒடையுமா? சாரே, நீங்களே பாருங்க. இது பீங்கானா, சிமெண்ட்டா?”

பத்ரிநாராயணன் குனிந்து பார்த்தார். “பாத்தா சிமெண்ட் மாதிரிதான் இருக்கு” என்றார்.

டாக்டர் கோபப்படவில்லை. “நேத்து உடைஞ்சுதா சார்?” என்று கேட்டார்.

“நேத்து மத்தியானம்.”

“வலிச்சுதா?”

“வலிச்சுதாவா? உயிரே போச்சும்மா! ராவெல்லாம் தூக்கம் கெடையாது. இப்பக் கூட ஒரு காத்து பட்டா...” அப்பாதுரை கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் அந்தத் துண்டைத் தொடக்கூட இல்லை. “சார், பீங்கானுக்கு வலிக்குமா?” என்றார்.

கருவி கழுவிக்கொண்டிருந்த ஞானம்மாள் குழாயை மூடினாள்.

“உங்க கடையில ஒரு பேசின் உடைஞ்சா உங்களுக்குத்தான் வலிக்கும், பேசினுக்கு வலிக்காது இல்லையா? இவ்வளவு வலிக்குதுன்னா அது உங்க சொந்தப் பல்லு. வாயத் திறங்க, காட்டறேன்.”

கண்ணாடியைப் பிடித்தார். சிறிய கொக்கியால் ஒரு பல்லைத் தொட்டார். ஒன்றும் இல்லை. “இதுதான் நான் வச்சது. கோரைப் பல்லுக்கு அடுத்தது. பாருங்க, அப்படியே இருக்கு.” அடுத்த பல்லைத் தொட்டார். அப்பாதுரை போட்ட கூச்சலில் வெளியே காத்திருந்தவர்களில் இரண்டு பேர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். “இது நீங்க பொறந்ததுலேர்ந்து வச்சிருந்தது. இதத்தான் உடைச்சிருக்கீங்க.”

அப்பாதுரை கண்ணாடியில் பார்த்தார். முழுசாக ஒரு பல். பக்கத்தில் ஓரம் போன ஒரு பல். எது பீங்கான், எது தன்னுடையது என்று அந்தப் பகுதியிலேயே பெரிய பீங்கான் வியாபாரிக்குத் தெரியவில்லை. தன் வாய்க்குள் எந்தப் பல்லுக்கு வைத்தியம் பார்த்தார்கள் என்பதையே மறந்துவிட்டு, மூன்று வாரமாக எல்லாப் பல்லையும் சேர்த்துத் தண்டித்துக்கொண்டிருந்தார்.

“நான் அப்பவே நெனச்சேன், அது பல்லு மாதிரிதான் இருந்தது” என்றார் பத்ரிநாராயணன்.

அப்பாதுரைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தார். “டாக்டரம்மா, நல்ல சரக்குன்னா எது போலி எது அசல்னு தெரியக்கூடாது. அத்த நானே ஒத்துக்கறேன். இந்தப் பல்லுக்கும் அதையே வச்சிருங்க” என்றார்.

“வைக்கலாம் சார். முதல்ல மரத்துப் போறதுக்கு ஒரு ஊசி. வலி நிக்கட்டும்.”

“ஊசி போட்டு முடிச்சதும் இப்படி வரணும் மொதலாளி” என்று ஞானம்மாள் வாசலை மறித்து நின்றாள். “ரெண்டாவது பல்லுக்கு அச்செடுக்கறதுக்கு முன்னாடி மொதப் பல்லு கணக்கு.”

ஊசி போட்டு, உடைந்த ஓரத்தை மூடி, டாக்டர் அனுப்பினார். அப்பாதுரைக்கு மேலுதடும் கன்னமும் யாரோ இரவல் கொடுத்தவை மாதிரி ஆகிவிட்டன. ஞானம்மாள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்து நீட்டினாள். பத்ரிநாராயணன் பக்கத்தில் நின்றார். கணக்கு என்றால் அவருக்குக் கால் நகராது.

அப்பாதுரை சட்டைப்பையிலிருந்து நூறு ரூபாய் நோட்டுக்களை எடுத்து, ஊருக்கே கேட்கட்டும் என்று உரக்க எண்ண ஆரம்பித்தார்.

“நூவு... இவுநூவு... முந்நூவு...”

“இன்னா சொல்றே? ஒண்ணும் பிரியல” என்றாள் ஞானம்மாள். “பாக்கி வச்சது ஊருக்கே தெரிஞ்சுது. குடுக்கறதும் தெரிய வேணாமா? மறுக்கா எண்ணு.”

அப்பாதுரை நோட்டுக்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மரத்துப் போன உதட்டை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒவ்வொன்றாக வைத்தார். “ழூறு. இரு-ழூறு. முந்-ழூறு.” காத்திருந்தவர்கள் சேர்ந்து எண்ணினார்கள். ஆயிரம் வந்தபோது ஒரு கிழவர் கைதட்டினார். கடைசி நோட்டை அப்பாதுரை வெளிச்சத்தில் தூக்கி எல்லோருக்கும் காட்டிவிட்டு, விரித்திருந்த உள்ளங்கையில் வைத்தார். ஞானம்மாள் விரல்களை மடக்கினாள்.